போறணை மாறினாலும் பாண் மாறலாகாது

கொழும்பின் வடபுறத்தே, துறைமுகத்தை அடுத்து அமைந்த கொட்டாஞ்சேனையில், பொழுது புலருமுன்னரே விழித்துக்கொள்ளும் தொழில்களுள் பேக்கரித் தொழிலும் ஒன்று. கோயில் மணியும் தேவாலய மணியும் அடுத்தடுத்து ஒலிக்கும் அத்தெருக்களில், ஒரு றாத்தல் பாண் வாங்குவதற்கு முதற் சிறுவன் வந்து நிற்கும் வேளைக்குள், மா குழைத்து, புளிக்கவிட்டு, அச்சிலிட்டு, போறணையில் வேகவைத்து எடுக்கும் வேலை முழுவதும் முடிந்துவிட்டிருக்கும். வாங்க வருபவன் பாணைக் காண்கின்றான். போறணையை அவன் காண்பதில்லை.

அத்தகைய பேக்கரி ஒன்றின் உரிமையாளர், விறகால் எரியும் பழைய செங்கற் போறணையை விடுத்து, புதிய முறையிலான போறணை ஒன்றை அமைக்க எண்ணுகின்றார் எனக் கொள்க. அவருக்கு எதிரே நிற்கும் இடர்கள் பல. ஒரு நாளேனும் கடையை மூட இயலாது. பழைய போறணையின் எந்த மூலையில் சூடு மிகும், எந்த வேளையில் கதவைத் திறக்கவேண்டும் என்பதெல்லாம் முதிய வேலையாள் ஒருவரின் கையறிவாக மட்டுமே உள்ளன. ஏட்டில் எழுதப்பட்டவை அல்ல. இவற்றுக்கு மேலாக, புதிய போறணையில் வெந்த பாண், பழைய பாணின் நிறத்திலும் சுவையிலும் நிறையிலும் சற்றும் வேறுபடலாகாது. மாற்றம் நன்றாக நடந்ததற்கு அடையாளம், வாங்குபவர் எவரும் அம்மாற்றத்தை அறியாதிருத்தலேயாம்.

கணினி மென்பொருளை ஆக்கும் தொழிலிலும் இதனையொத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. பலர் கூடி ஆக்கும் திறந்த மூல மென்பொருட் செயற்றிட்டம் ஒன்று, தான் பல்லாண்டு பயன்படுத்திவந்த கட்டுமானக் கருவியை விட்டு வேறொரு கருவிக்கு மாறுதலே அது. வெளியுலகம் இதனைப் பெரும்பாலும் அறிவதில்லை. ஆயின், அத்தகைய மாற்றமொன்றின் பயனையோ இழப்பையோ அச்செயற்றிட்டத்தில் உழைப்போரும், இனி உழைக்க வரக்கூடியோரும் நெடுங்காலம் சுமக்கின்றனர்.

கட்டுமானம் என்பது யாது என்பதை முதலில் தெளிதல் வேண்டும். மனிதர் எழுதும் செய்நிரலை மூலநிரல் என்பர். அது எழுத்துக்களாலும் குறிகளாலும் ஆனது. படிக்கவும் திருத்தவும் கூடியது. கணினியோ அதனை அவ்வடிவில் அப்படியே ஏற்று இயக்குவதில்லை. தொகுப்பான் என்னும் பிறிதொரு செய்நிரல், மூலநிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றுகின்றது. சிறிய செய்நிரலாயின் ஒரே கட்டளையில் இவ்வேலை முடிந்துவிடும். பெரிய மென்பொருளிலோ ஆயிரக்கணக்கான கோப்புகள் உண்டு. ஒன்று மற்றொன்றைச் சார்ந்து நிற்கும். ஆதலின் எதனை முதலில் தொகுப்பது, எதனை அடுத்துத் தொகுப்பது என்னும் ஒழுங்கு வேண்டும். பிறர் எழுதிய துணைநூலகங்களைக் குறித்த பதிப்பில் வருவித்தல் வேண்டும். தொகுத்தவற்றைச் சோதித்தல் வேண்டும். ஈற்றில் எல்லாவற்றையும் ஒரு பொதியாகக் கட்டி வெளியிடல் வேண்டும். இத்தனை வேலைகளையும் வரிசை தவறாது செய்விப்பதே கட்டுமானக் கருவியின் தொழில். தொழிலில் உள்ளோர் இவ்வேலையைப் ‘பில்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லாலேயே வழங்குவர்.

திறந்த மூல மென்பொருள் என்பது, மூலநிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் இடமளிப்பது. ஆனால், மூலநிரல் கைக்கு வந்துவிட்டால் மட்டும் அவ்வுரிமை நிறைவு பெறுமோ? பாணுக்குரிய மாவும் உப்பும் ஈஸ்ட்டும் கையிலிருந்தும் போறணை இல்லையேல் பாண் இல்லை. திருத்திய மூலநிரலை இயங்கும் மென்பொருளாக ஆக்க இயலாதவனுக்குத் திருத்தும் உரிமை ஏட்டுச் சுரைக்காயே. இதனை நன்குணர்ந்தே, கட்டற்ற மென்பொருளுக்குரிய பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு 1991ஆம் ஆண்டில் எழுதப்பட்டபோது, மூலநிரல் என்னும் சொல்லுக்குப் பொருள் விரிக்கப்பட்டது. செய்நிரலின் வரிகள் மட்டுமன்றி, அதனைத் தொகுத்து நிறுவுதற்கு வேண்டிய கட்டளைக் கோப்புகளும் மூலநிரலுள் அடங்கும் என அவ்வுரிமம் வகுத்தது. கட்டும் வழியும் திறந்திருத்தல் வேண்டும் என்பதே அதன் கருத்து. கட்டுமானக் கருவியை மாற்றும் வேளையில் எடைபோட வேண்டியதும் இதுவே: அவ்வழி முன்னிலும் அகலத் திறக்கின்றதா, அன்றி ஒடுங்குகின்றதா?

இத்தகைய கருவிகளின் வரலாறு அரை நூற்றாண்டை எட்டியுள்ளது. 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் பெல்ட்மன் என்பவர் ‘மேக்’ என்னும் கருவியை ஆக்கினார். அவருடைய நண்பர் ஒருவர், பிழையைத் திருத்திய பின்னரும் செய்நிரல் பிழையாகவே இயங்குவது கண்டு ஒரு காலைப்பொழுதை வீணாக்கினார். உண்மையில், திருத்திய கோப்பை மீண்டும் தொகுக்க அவர் மறந்திருந்தார். எந்தக் கோப்பு மாறியுள்ளது, அதனால் எவற்றை மீண்டும் தொகுத்தல் வேண்டும் என்பதைத் தானே அறிந்து செய்யும் கருவியாக மேக் பிறந்தது அவ்வாறே.

மேக் கருவிக்கு எழுதும் கோப்பில் ஒரு விந்தையான விதி உண்டு. கட்டளை வரி ஒவ்வொன்றும் ‘டாப்’ என்னும் விசையால் இடப்படும் இடைவெளியுடன் தொடங்குதல் வேண்டும். சாதாரண வெற்றிடம் இட்டால் கருவி ஏற்காது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதால் இவ்விதியில் இடறி விழுந்தோர் எண்ணிறந்தோர். பெல்ட்மன் இக்குறையைத் தொடக்கத்திலேயே அறிந்திருந்தார். ஆயினும், அதற்குள் ஏறத்தாழப் பன்னிருவர் அக்கருவியைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டமையால், அவர்களுக்கு இடைஞ்சல் விளைவிக்க மனமின்றி விதியை அவ்வாறே விட்டுவிட்டார். பன்னிருவருக்கு நேரக்கூடிய சிறு தொல்லையைத் தவிர்த்தமையின் விலையை, பின்வந்த தலைமுறைகள் இன்றளவும் செலுத்துகின்றன. மாற்றத்துக்கு விலை உண்டு என்பது போலவே, மாறாதிருத்தற்கும் விலை உண்டு என்பதற்கு இது தக்க சான்று.

ஜாவா மொழி பரவிய பின்னர், அம்மொழிக்கெனத் தனிக் கருவிகள் தோன்றின. 2000ஆம் ஆண்டில் ‘ஆன்ட்’ தனிக்கருவியாக வெளிவந்தது. அதில் ஒவ்வொரு படியையும் செயற்றிட்டத்தாரே எழுதிக்கொடுத்தல் வேண்டும். அடுத்து வந்தது ‘மேவன்’. அதன் முதலாவது முழுப்பதிப்பு 2004ஆம் ஆண்டிலும் இரண்டாவது 2005ஆம் ஆண்டிலும் வெளியாயின. கோப்புகள் இன்ன இடத்தில் இருக்கும், படிகள் இன்ன வரிசையில் நடக்கும் என்னும் வழக்காறுகளை மேவனே வகுத்துக்கொண்டது. துணைநூலகங்களைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து தானே வருவித்தது. 2008ஆம் ஆண்டளவில் ‘கிரேடில்’ எழுந்தது, அதன் 1.0 பதிப்பு 2012இல் வெளிவந்தது. மேவனின் வழக்காறுகளைப் பெரிதும் தழுவிக்கொண்டு, செயற்றிட்டத்தின் சிறப்புத் தேவைகளைச் செய்நிரலாகவே எழுதுதற்கும் அது இடமளித்தது. மாறாத பகுதிகளை மீண்டும் செய்யாது விடுதலில் அது குறிப்பான கவனம் செலுத்தியது.

இவ்வரலாற்றில் கொழும்பு வெறும் பார்வையாளராக இருக்கவில்லை. உலகெங்குமுள்ள கணினிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறுதற்கு உதவும் அப்பாச்சி ‘அக்ஸிஸ் 2’ என்னும் திறந்த மூல மென்பொருளின் வடிவமைப்பு, 2004ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திற் கொழும்பில் நடந்த கூட்டத்தில் உருப்பெற்றது. லங்கா மென்பொருள் நிறுவகத்தைச் சூழ்ந்திருந்த இளைஞர் பலர் அதன் ஆக்கத்திற் பெரும்பங்கு கொண்டனர். அதன் 1.0 பதிப்பு 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தொடக்கத்தில் அது மேவனின் முதற்பதிப்பைக் கொண்டு கட்டப்பட்டது. மேவனின் இரண்டாம் பதிப்போ, பெயரில் ஒன்றாயினும் நடப்பில் வேறு கருவி. முதற்பதிப்புக்கு எழுதிய கோப்புகளை அது ஏற்காது. ஆதலால் அக்ஸிஸ் 2 தன் கட்டுமானக் குறிப்புகளைப் புதுமுறையில் எழுதி மாறவேண்டியதாயிற்று. கருவியை நாம் மாற்றாவிடினும் கருவி நம்மை விட்டு மாறிச் செல்வதும் உண்டு என்பது அதனால் விளங்கும்.

அதே காலத்தில், 2005ஆம் ஆண்டில், ‘டபிள்யூ எஸ் ஓ 2’ என்னும் நிறுவனம் தோன்றியது. கொழும்பில் அதன் பொறியியற் பணிகள் பெருகின. அந்நிறுவனம் 2017ஆம் ஆண்டில் ‘பலரினா’ என்னும் புதிய செய்நிரல் மொழியைத் திறந்த மூலமாக உலகுக்கு அறிமுகம் செய்தது. அதன் 1.0 பதிப்பு 2019ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளிவந்தது. புதிய மொழி ஒன்றின் தொகுப்பானே ஒரு பெரும் மென்பொருள். அதனோடு அடிப்படை நூலகங்கள், ஆவணங்கள், எழுதுவோருக்குரிய துணைக்கருவிகள் எனப் பல பகுதிகள் சேர்கின்றன. தொடக்க ஆண்டுகளில் இவையனைத்தும் மேவனால் கட்டப்பட்டன. பின்னர் அச்செயற்றிட்டம் கிரேடிலுக்கு மாறியது.

மொழித் தொகுப்பான் ஒன்றின் கட்டுமானத்தில் சாதாரண மென்பொருளுக்கு இல்லாத சிக்கல் ஒன்று உண்டு. முதலில் தொகுப்பானைக் கட்டவேண்டும். அடுத்து, இப்பொழுதே கட்டிய அத்தொகுப்பானைக் கொண்டு, அதே மொழியில் எழுதப்பட்ட அடிப்படை நூலகங்களைத் தொகுக்கவேண்டும். அதன் பின்னர் அனைத்தையும் ஒன்றுசேர்த்துப் பொதியாக்கிச் சோதிக்கவேண்டும். போறணையைக் கட்டும் செங்கல்லையே அப்போறணையில் சுட்டெடுப்பது போன்றது இது. மேவன் வகுத்த வழக்காறுகளுள் அடங்காத இத்தகைய படிகளை, செய்நிரலாகவே எழுதக்கூடிய கருவி எளிதில் ஏற்கும்.

மற்றொரு காரணம் காலம். பல பகுதிகளைக் கொண்ட செயற்றிட்டத்தில் ஒரு வரியைத் திருத்தியவர், ஐயத்தின் காரணமாக, முன்னர் கட்டியவை அனைத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டுதல் மேவன் பயன்படுத்துவோரிடையே பரவிய பழக்கம். கிரேடிலோ ஒவ்வொரு வேலைக்கும் உட்செல்வன எவை, வெளிவருவன எவை என்பதைக் குறித்துவைக்கின்றது. உட்செல்வன மாறாதிருப்பின் அவ்வேலையைச் செய்யாது விடுகின்றது. நேற்றுச் செய்த பலகாரம் கெடாதிருக்க, அதனை மறுபடி சுடவேண்டிய தேவை என்ன? உலகப் புகழ் பெற்ற ‘ஸ்பிரிங் பூட்’ என்னும் திறந்த மூலச் செயற்றிட்டம் 2020ஆம் ஆண்டில் மேவனிலிருந்து கிரேடிலுக்கு மாறியபோது, ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் எடுத்த முழுக் கட்டுமானம், சராசரி 9 நிமிடம் 22 விநாடி அளவுக்குக் குறைந்ததாக அதனை ஆக்கியோர் அறிவித்தனர்.

இவ்வேறுபாடு செல்வம் மிக்க நாடொன்றின் அலுவலகத்தில் வசதிக் குறைவாக மட்டும் தோன்றலாம். இலங்கையில் அது வேறு வகையிற் பொருள்படும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை நீடித்தது. அக்காலத்தில், சிறு வீடொன்றில் பழைய மடிக்கணினியோடு அமர்ந்து ஏதேனும் ஒரு திறந்த மூலச் செயற்றிட்டத்திற் பங்குகொள்ள முயன்ற மாணவர் ஒருவரை எண்ணிப் பார்த்தல் தகும். ஒரு மணி நேரம் எடுக்கும் கட்டுமானம், மின்சாரம் இருக்கும் சில மணிகளுக்குள் ஓரிரு முறையே நடக்கும். பத்து நிமிடத்தில் முடியும் கட்டுமானமோ, பிழைவிட்டுத் திருத்திக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பைப் பலமுறை தரும். கூகிள் நிறுவனம் ஆண்டுதோறும் மாணவரைத் திறந்த மூலப் பணியில் ஈடுபடுத்தும் கோடைத் திட்டத்தின் முதற் பத்தாண்டுகளில், மிகுதியான மாணவரைத் தந்த பல்கலைக்கழகம் மொரட்டுவைப் பல்கலைக்கழகமே. அத்தகைய இளைஞருக்குக் கட்டுமானத்தின் வேகம், பணிக்குள் நுழையும் வாயிலின் அகலமேயாம்.

இனி, இம்மாற்றம் எவ்வாறு நடத்தப்பெறுகின்றது என்பதைக் காண்போருக்கு, பேக்கரியின் உவமையே மீண்டும் வழிகாட்டும். புதிய போறணை நம்பத்தக்கது எனத் தெளியும் வரை பழைய போறணையின் நெருப்பை எவரும் அணைப்பதில்லை. அவ்வாறே, பழைய கட்டுமானக் கோப்புகள் இருக்க, அவற்றின் பக்கத்திலேயே புதியவை எழுதப்படுகின்றன. மேவனும் கிரேடிலும் மூலநிரற் கோப்புகளை ஒரே வகையான அடைவு ஒழுங்கில் எதிர்பார்ப்பதால், கோப்புகளை இடம்மாற்றவேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. மேவன் குறிப்பைப் படித்துக் கிரேடில் குறிப்பின் முதல் வரைவை ஆக்கித் தரும் வசதியும் கிரேடிலிலேயே உண்டு. ஆனால் அவ்வரைவு தொடக்கமேயன்றி முடிவன்று.

ஒன்றுபோலத் தோன்றுவன வேறுபடும் இடங்களிலேயே இடர் மறைந்திருக்கும். துணைநூலகங்களின் பதிப்பைத் தெரிவு செய்யும் முறை அவற்றுள் தலையாயது. ஒரு செயற்றிட்டம் இரண்டு நூலகங்களை வேண்டுகின்றது எனக் கொள்க. அவற்றுள் ஒன்று மூன்றாம் நூலகமொன்றின் 1.0 பதிப்பை நேரே கேட்கின்றது. மற்றையது இன்னொரு நூலகத்தின் வழியாக அதே மூன்றாம் நூலகத்தின் 2.0 பதிப்பைக் கேட்கின்றது. இரண்டுள் எதனைக் கொள்வது? மேவன், கேட்பவருள் செயற்றிட்டத்துக்கு நெருங்கிய உறவினர் சொல்லைக் கேட்கும், எனவே 1.0 பதிப்பைக் கொள்ளும். கிரேடில், வேறு கட்டளை இல்லாதவிடத்து, உயர்ந்த பதிப்பாகிய 2.0ஐக் கொள்ளும். பட்டியலில் ஓரெழுத்தும் மாறவில்லை. ஆயினும் உள்ளே சென்ற பொருள் மாறிவிட்டது. மாவின் பெயர் ஒன்றே, ஆலை வேறு. இதனை அறியாது மாறியவர், தம் செய்நிரலில் எவ்விடத்தும் திருத்தம் செய்யாமலே புதிய பிழையைக் கண்டு திகைப்பர். ஆதலின், பழைய கருவி தெரிவு செய்த பதிப்புகளின் முழுப் பட்டியலையும், புதிய கருவி தெரிவு செய்தவற்றின் பட்டியலையும் எடுத்து, வரிக்கு வரி ஒப்பிடுதல் முதற் கடமை.

இரண்டாவது கடமை சோதனைகளை எண்ணுதல். புதிய கட்டுமானம் வெற்றி என அறிவித்தவுடன் மகிழ்தல் பேதைமை. எச்சோதனைகளை எவ்வகையில் இயக்குவது என்று புதிய கருவிக்குச் சரிவரக் கூறப்படாவிடின், அவற்றுட் சில இயங்காமலே விடுபடக்கூடும். இயங்காத சோதனை தோற்பதுமில்லை. பழைய முறையில் எத்தனை சோதனைகள் நடந்தனவோ, அத்தனையும் புதிய முறையில் நடந்தனவா எனக் கணக்கெடுத்தல் வேண்டும். அதற்கும் மேலாக, உறுதியாகத் தோற்கவேண்டிய பிழையொன்றை வேண்டுமென்றே இட்டு, புதிய கருவி அதனைக் கண்டுபிடிக்கின்றதா எனப் பார்ப்பவரும் உண்டு.

மூன்றாவது கடமை, ஈற்றில் வெளிவரும் பொதிகளை ஒப்பிடுதல். பழைய பொதியையும் புதிய பொதியையும் பிரித்து, உள்ளிருக்கும் கோப்புகளின் பெயரையும் அளவையும் உள்ளடக்கத்தையும் ஒத்துப் பார்த்தல் வேண்டும். கோப்புகளின் நேரக்குறியும் வரிசையும் வேறுபடுதல் பெரும்பாலும் தீங்கற்றது. ஒரு கோப்பே காணாமற்போதல் அவ்வாறன்று. அன்றியும், இம்மென்பொருளைத் தம் மென்பொருளில் துணைநூலகமாகக் கொள்வோர் பலர் இன்னும் மேவனையே பயன்படுத்துவர். அவர்களுக்காக, கிரேடில் கட்டிய பொதியும் மேவன் படிக்கக்கூடிய குறிப்புடனேயே களஞ்சியத்தில் இடப்படுகின்றது. பாண் வாங்குபவர் போறணை மாற்றத்தை அறியாதிருத்தல் என்பது இதுவே.

இவை யாவும் முடிந்த பின்னர் வருவது, பலரும் தயங்கும் கடைசிப் படி. அதாவது பழையதை நீக்குதல். இரண்டு கருவிகளும் ஒருங்கே நெடுங்காலம் நிலைப்பின், ஒவ்வொரு திருத்தத்தையும் இரண்டு இடங்களில் எழுதவேண்டும். ஒன்றை மறந்தால் மற்றதும் நம்பிக்கை இழக்கும். தொகுப்பான்களுக்கு அடித்தளமாய் விளங்கும் ‘எல்எல்விஎம்’ செயற்றிட்டம் பல்லாண்டுகள் இரண்டு கட்டுமான முறைகளைச் சுமந்தது. 2016ஆம் ஆண்டில் வெளிவந்த 3.9 பதிப்பிலேயே பழையதை முற்றாக நீக்கி ‘சீமேக்’ என்னும் கருவியை மட்டும் கொண்டது. மாறாக, ‘போஸ்ட்கிரெஸ்’ என்னும் தரவுத்தளம் 2023ஆம் ஆண்டில் வெளியான 16ஆம் பதிப்பில் ‘மெசன்’ என்னும் புதிய கருவியை ஏற்றபோது, தன் பழைய முறையையும் காத்துக்கொண்டது. அதன் மென்பொருள் பல்வகைப்பட்ட கணினிகளில் இயங்கவேண்டியிருந்தமையால் அவசரப்படுதல் தகாதென அதனை ஆக்கியோர் கருதினர். எனினும், விண்டோஸ் கணினிகளுக்கெனத் தனியே வைத்திருந்த மூன்றாவது முறையை 2024ஆம் ஆண்டின் 17ஆம் பதிப்பில் அவர்கள் நீக்கினர்.

முதலிற் தெரிந்த கருவியே பொருந்தும் என்பதும் உறுதியில்லை. ‘கேடிஈ’ என்னும் கணினி மேசைத்தள மென்பொருளை ஆக்குவோர், தம் பழைய முறையை முற்றாக விளங்கிக்கொண்டோர் மிகச் சிலரே என்பதை உணர்ந்து, 2005ஆம் ஆண்டில் ‘ஸ்கான்ஸ்’ என்னும் கருவிக்கு மாற முடிவு செய்தனர். முயன்று பார்த்ததில் அது தம் தேவைக்குப் போதாமை கண்டு, 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீமேக்கின் பக்கம் திரும்பினர். தெரிவு தவறியதை ஒப்புக்கொண்டு திரும்பும் துணிவும், பழையதை அதற்குள் அழித்துவிடாத முன்யோசனையும் அவர்களைக் காத்தன.

இம்மாற்றங்களால் இழப்பும் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. பழைய கருவியில் தேர்ந்த கை, புதியதிற் சிலகாலம் தடுமாறும். ஏற்கப்படுதற்குக் காத்திருந்த திருத்தங்கள், கட்டுமானக் கோப்புகளைத் தொட்டவையாயின், மீண்டும் எழுதப்படல் வேண்டும். ஊதியமின்றி உழைப்பவர் ஒருவர், தம் சென்ற மாத உழைப்பு வீணானது கண்டு மனம் சலித்து விலகிவிடவும் கூடும். வழக்காறுகளைப் பின்பற்றும் கருவியை விட்டு, எதனையும் செய்நிரலாக எழுத இடங்கொடுக்கும் கருவிக்கு மாறும்போது, கட்டுமானக் குறிப்பே இன்னொரு புதிர் நிறைந்த மென்பொருளாக வளர்ந்துவிடும் அபாயமும் உண்டு. அப்பொழுது, முதிய வேலையாளின் கையறிவிலிருந்து விடுபட எண்ணியவர், வேறொருவரின் கையறிவிற் சிக்கிக்கொண்டவராவர்.

புதிதாக வருபவருக்குக் கிரேடில் செய்த நன்மை ஒன்று குறிப்பிடத்தக்கது. கருவியின் எந்தப் பதிப்பு வேண்டும் என்பதைக் குறித்து, அதனைத் தானே வருவித்துத் தொடங்கும் சிறு கட்டளைக் கோப்பு மூலநிரலுடனேயே வைக்கப்படுகின்றது. வந்தவர் ஜாவாவை நிறுவி, அக்கட்டளையை இட்டாற் போதும். ஆயின் வாயிலைத் திறக்கும் அதே காலத்தில் வேறொரு பூட்டு விழுதலும் உண்டு. பலரினாவின் பகுதிகள் தனித்தனிக் களஞ்சியங்களாகப் பிரிந்தபோது, ஒரு பகுதி வேண்டும் மற்றைப் பகுதிகள் கிற்ஹப் தளத்தின் பொதிக் களஞ்சியத்தில் வைக்கப்பட்டன. அத்தளமோ, எவரும் காணக்கூடிய பொதியையும் தன் கணக்கிலிருந்து பெற்ற அடையாளச் சாவி காட்டுவோருக்கே இவ்வகைக் கட்டுமானத்தில் வழங்கும். ஆதலின் கட்டுமானக் குறிப்பில் முதல் வேலையாகச் சாவி பெறும் வழி எழுதப்பட்டது. அனுபவம் உள்ளவருக்கு அது இரண்டு நிமிட வேலை; முதன்முதல் வருபவருக்கு அது திரும்பிச் செல்லத் தூண்டும் முதற் படி. இத்தகைய சிறு பூட்டுக்களை ஒவ்வொன்றாகக் கண்டு நீக்குதலும், நீக்க இயலாவிடின் தெளிவாக எழுதிவைத்தலும் மாற்றத்தின் பகுதியே.

கட்டும் வழி தெளிவாக இருத்தல் வசதிக்காக மட்டுமன்று; பாதுகாப்பும் அதனையே நம்பியுள்ளது. 2024ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள், ‘எக்ஸ்இசட்’ என்னும் தரவு சுருக்கும் மென்பொருளில் கள்ளவாயில் ஒன்று மறைக்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. உலகின் எண்ணற்ற லினக்ஸ் கணினிகள் நம்பியிருந்த நூலகம் அது. நஞ்சு இருந்த இடம் யாவரும் படிக்கும் செய்நிரல் வரிகள் அல்ல. சோதனைக்குரிய கோப்புகளாகத் தோன்றியவற்றுள் அது ஒளிந்திருந்தது; வெளியீட்டுப் பொதியில் மட்டும் சேர்க்கப்பட்ட கட்டுமானக் கட்டளையொன்று அதனை எடுத்துப் புகுத்தியது. அதே மென்பொருளின் சீமேக் கோப்பில், எவர் கண்ணிலும் படாத ஒற்றைப் புள்ளி ஒன்று இடப்பட்டு, பாதுகாப்பு வசதியொன்று இயங்காதவாறு செய்யப்பட்டிருந்ததும் பின்னர் தெரியவந்தது. கணினிக்குள் நுழைதல் ஏறத்தாழ அரை விநாடி தாமதமாவதைக் கண்டு ஐயுற்று, இச்சூழ்ச்சியை வெளிக்கொணர்ந்தவர் ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்னும் பொறியியலாளர். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு மெசன் கருவியைக் கொணர்ந்த பணியில் முன்னின்றவரும் அவரே.

சிலரே விளங்கிக்கொண்ட, பலரும் படியாது கடந்து செல்லும் கட்டுமானக் கோப்பு, கள்வன் ஒளிதற்கு ஏற்ற இருட்டு மூலை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. கருவியை மாற்றும் வேளை, அம்மூலைக்கு விளக்கு ஏந்திச் செல்ல வாய்க்கும் அரிய வேளை. ஏன் இருக்கின்றது என எவரும் அறியாத பழைய வரி ஒவ்வொன்றையும் எடுத்து, காரணம் கேட்டு, வேண்டின் விளக்கத்துடன் எழுதி, வேண்டாவிடின் நீக்கும் வாய்ப்பு அப்பொழுதே கிட்டும். விளங்காத வரியை விளங்காமலே புதிய கருவிக்குப் பெயர்த்து எழுதுவோர், பழைய இருட்டையே புதிய வீட்டுக்குள் சுமந்து செல்வோராவர்.

ஆகவே, இத்தகைய மாற்றம் நன்மையாய் முடிந்ததா என்பதைக் கருவியின் புதுமையைக் கொண்டோ, அதன் புகழைக் கொண்டோ அளத்தல் பொருந்தாது. கட்டுமானம் எத்தனை நிமிடம் குறைந்தது என்பதும் பாதி அளவுகோலே. செயற்றிட்டத்தில் எவரையும் அறியாத ஒருவர், கொட்டாஞ்சேனையின் மாடி வீடொன்றிலோ வெள்ளவத்தையின் அறையொன்றிலோ அமர்ந்து, மூலநிரலை இறக்கி, எழுதிவைத்த குறிப்பை மட்டும் துணையாகக் கொண்டு, அதே மென்பொருளைத் தம் கணினியில் ஆக்கிக்கொள்ள இயலுமா? ஆக்கியதில் தாம் செய்த சிறு திருத்தம் இயங்குவதைக் காண இயலுமா? இயலுமாயின் மாற்றம் வென்றது.

விடிந்ததும் கொட்டாஞ்சேனைச் சிறுவன் வழக்கம்போலப் பாண் வாங்கிச் செல்வான். பின்கட்டில் எரிவது விறகா, வாயுவா என்று அவன் கேட்கப்போவதில்லை. ஆயின், என்றேனும் ஒருநாள் அவனே மா குழைக்கக் கற்றுக்கொள்ள விரும்பி உள்ளே வருவானாகில், அவனுக்குப் போறணையின் கதவைத் திறந்து காட்ட ஆயத்தமாய் இருத்தலே அத்தொழிலை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசெல்லும் வழி.